ஏழாவது கேள்வி

எம்.ஏ. முடித்துவிட்டு வீட்டோடு இருப்பவர்களை ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்க வைப்பதற்காக, பி.எச்.டி. மாணவர்களே சால்ட் லேக்கில் நடத்திய முகாம் அது. ஜெயப்ரியாவின் மேஜைக்கு அம்சவேணியின் முறை வந்தபோது மணி பன்னிரண்டு.

"உக்காருங்க மேடம். எங்கேருந்து வர்றீங்க?"

"சாந்த்ராகாச்சி, ரயில்வே குவார்ட்டர்ஸ். தபால்லதான் எம்.ஏ. முடிச்சேன். நாப்பத்தெட்டு வயசாகுது, பரவாயில்லையா?"

"வயசு ஒரு தடையே இல்ல" என்றபடி ஜெயப்ரியா படிவத்தைப் பார்த்தாள். ஏழாவது கேள்வியில்தான் அவள் பேனா நின்றது. 'உங்கள் குடும்பத்தில் யாராவது பி.எச்.டி. முடித்தவரோ படிப்பவரோ உண்டா?'

அம்சவேணி 'ஆம்' என்று போட்டிருந்தாள்.

"இதுக்கு 'இல்லை'ன்னு போட்டாத்தான் முன்னுரிமை மேடம். உங்க அப்பா அம்மா படிக்கலைதானே?"

"ரெண்டு பேருமே கைநாட்டு."

"அப்புறம் என்ன? அவங்களை மனசுல வெச்சுத்தான் கேள்வியே கேட்டிருக்காங்க. மாத்திடுங்க."

"குடும்பம்னுதானே போட்டிருக்கு?"

"இந்த வருஷம் சீட்டே பன்னெண்டுதான். வீம்பு பிடிச்சா போயிடும்."

அம்சவேணி பேனாவை வாங்கினாள். 'ஆம் எனில் பெயர், உறவு' என்றிருந்த காலிக் கட்டத்தில் நிதானமாக எழுதி, படிவத்தைத் திருப்பி வைத்தாள்.

'ஜெயப்ரியா, மகள்.'

பக்கத்து மேஜைக்காரர்களுக்காக அதுவரை கட்டிக்காத்த 'மேடம்' ஜெயப்ரியாவின் வாயில் வரவில்லை.

"அம்மா, ப்ளீஸ்மா..."

"சீட்டு போனா அடுத்த வருஷமும் வந்து வரிசையில நிக்கறேன். உன்னை இல்லைன்னு எழுத எனக்குக் கை வராதுடி."