பாறை பார்க்கப் போனவள்

"டீச்சர், உங்களுக்குக் கோபம் வருமா?"

அதிரா கேட்டதும், பாறையைச் சுற்றி நின்ற ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இந்தப் பாறையைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா என்றுதான் ரூபினி டீச்சர் கேட்டிருந்தார்.

அவர் நிலவியல் படித்தவர். ஜார்ஜ்டவுன் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றி, தஞ்சோங் பூங்கா கடற்கரைக்குக் கூட்டிவந்து, மண்ணையும் கல்லையும் தொட்டுப் பார்க்க வைப்பது அவர் நடத்தும் திட்டம். அவர் சிரிக்கவில்லை.

"வரும்லா. பசி எடுத்தா இன்னும் நல்லா வரும்," என்றார்.

அதிரா தலையை ஆட்டிக்கொண்டாள்.

டீச்சர் பாறையைத் தடவிக் காட்டினார். ஒரு காலத்தில் இது பூமிக்கு அடியில் குழம்பாகக் கொதித்துக் கிடந்ததாம். அவசரப்படாமல், மெல்ல மெல்ல ஆறியதாம். அதனால்தான் வெள்ளையும் கறுப்புமாக இத்தனை பெரிய மணிகள் தெரிகின்றனவாம். பிள்ளைகள் மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்கள். உள்ளே தங்கம் இருக்குமா என்று ஹரீஷ் கேட்டான். டைனோசர் இதை மிதித்திருக்குமா என்று இன்னொருத்தி கேட்டாள்.

அதிரா கேட்டதெல்லாம் வேறு. வீட்டில் என்ன சமைப்பீர்கள், பல்லிக்குப் பயப்படுவீர்களா, தூங்கும்போது குறட்டை விடுவீர்களா. எதற்கும் டீச்சர் முகம் சுளிக்கவில்லை. குறட்டை பற்றி மட்டும், அது தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும் என்று திருப்பிக் கேட்டார்.

வகுப்பாசிரியை குணவதிக்குத்தான் சங்கடமாகிவிட்டது. ரூபினி டீச்சரைத் தள்ளி அழைத்துப் போய், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். அம்மா தவறிப்போன பிள்ளை, அப்பாதான் வளர்க்கிறார், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள், இன்றைக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். அதிராவின் காதில் எல்லாம் விழுந்தது. விழாததுபோல் நின்றாள்.

திரும்பி வந்த ரூபினி டீச்சர், தன் கழுத்தில் தொங்கிய சின்னப் பூதக்கண்ணாடியைக் கழற்றி அதிராவின் கையில் கொடுத்தார். "இதுல பாரு. இன்னும் நல்லாத் தெரியும்."

அதிரா அதை வாங்கிக்கொண்டு, அலை வந்து மோதும் ஓரம்வரை போனாள். டீச்சர் பார்க்கிறாரா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு விரல்களை விரித்தாள்.

பாறை இடுக்கில் விழுந்த கண்ணாடியை அடுத்த அலை வாரிக்கொண்டு போனது.

ரூபினி டீச்சரின் முகம் மாறியது. ஓடிவந்து மண்டியிட்டு, தோள்வரை கையை விட்டுத் துழாவினார். சட்டை நனைந்ததுதான் மிச்சம். எழுந்து, கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்படிச் செய்திருக்கக் கூடாதோ என்று அதிரா நினைத்தாள்.

"கோபம் வந்துருச்சி," என்றார் டீச்சர், கடைசியில். "அது நான் படிக்கிறப்ப வாங்கினது. இரு, கொஞ்சம் ஆறட்டும்." நனைந்த சட்டைக் கையை மெல்லப் பிழிந்துவிட்டார். பிறகுதான் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ எதுக்கு இவ்வளவு ஓரத்துல நிக்கிற? வழுக்கும். இங்க வா."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார். பிடித்த கையை விடவில்லை.

"நான் வேணும்னுதான் போட்டேன், டீச்சர்."

"தெரியும். பாத்தேன்."

"அப்பறம் ஏன் திட்டல?"

"நீ கெட்ட பிள்ள மாதிரி தெரியல. ஏதோ காரணம் இருக்கும். சொல்லணும்னு தோணினா சொல்லு, இல்லாட்டி பரவால்ல."

அதிரா டீச்சரின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பஸ்ஸில் அவள் இடம் கேட்டு வாங்கி, ரூபினி டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோணலாய்த் தொங்கிய தன் சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டு, இதை ஒழுங்காகப் பின்னத் தெரியுமா என்று கேட்டாள். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தனக்குச் சின்ன வயதிலிருந்தே கட்டை முடிதான், சடை பின்னவே தெரியாது என்று ஒப்புக்கொண்டார்.

"பரவால்ல டீச்சர். எங்கப்பாவுக்கும் தெரியாது," என்று அதிரா சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

சாயங்காலம், மற்ற பிள்ளைகளெல்லாம் போன பிறகுதான் அவளுடைய அப்பா மோகனராஜ் பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்தினார். கடலுக்கு அந்தப் பக்கம் பிறை என்ற ஊரில் இருக்கும் தொழிற்சாலையிலிருந்து நேராக வருவதாகவும், பாலத்தில் ஒரே ஜேம், வண்டி நகரவே இல்லை என்றும் சொல்லி, மகளின் தலையைத் தடவிக் கொடுத்தார். எந்தச் சுற்றுலாவுக்குக் கூப்பிட்டாலும் வீட்டிலேயே இருக்கிறேன் என்பவள், இதற்கு மட்டும் பேர் கொடுக்கச் சொல்லி அடம்பிடித்தது அவருக்கு இன்னும் ஆச்சரியமாகத்தான் இருந்தது. கார் கொஞ்ச தூரம் போனதும் கேட்டார்.

"அப்படி என்னம்மா கல்லு பாத்துட்டு வந்த?"

"நான் கல்லு பாக்கப் போகலப்பா, பொண்ணு பாக்கப் போனேன்," என்றாள் அதிரா. "அத்தை உங்க போனுக்குப் படம் அனுப்பினாங்கல்ல, பிள்ளைக்குப் புடிக்குமோ என்னமோன்னு நீங்க பதில் சொல்லாமலே வச்சிருக்கீங்கல்ல, அந்த ரூபினி டீச்சர்தான் இன்னிக்கி எங்களைக் கூட்டிட்டுப் போனாங்க. எனக்குப் புடிச்சிருக்கு, நீங்க சரின்னு சொல்லிடுங்கப்பா."