ஏரிக்கரையில் முக்காலி

"எங்க நெலத்த அளக்க நீ யாருடா?"

செங்கமலம் போட்ட சத்தத்தில் ஏரிக்கரையில் பாதி ஊர் கூடிவிட்டது. முக்காலி மேல் குழாயைப் பூட்டி, நோட்டில் எண் எழுதிக்கொண்டிருந்த ராஜசேகர் கெஞ்சினான்.

"மெதுவா பேசுங்கம்மா!"

"திருட்டு வேல பண்றவன்தான் மெதுவா பேசணும். போன வருசம் பக்கத்தூர்லயும் இப்டித்தான் முக்காலி நட்டு அளந்தாங்க. இன்னிக்கு அங்க கம்பெனி காம்பவுண்டு நிக்குது. நோட்டுல இன்னா எழுதிகினே?"

"நூத்தி நாப்பதும்மா."

"நூத்தி நாப்பது ஏக்கரா! ஐயோ, எங்க வயலும் போச்சே!"

"ஏக்கர் இல்லம்மா, நாமக்கோழி. எனக்கு இன்னிக்கு ஷிப்ட் இல்ல, பறவை எண்ண வந்தேன். கத்துனா பறந்துடும்."

நம்பாமல் தொலைநோக்கிக் குழாயில் கண்ணை வைத்த செங்கமலம் அப்புறம் எடுக்கவே இல்லை.

"நெத்தியில வெள்ளையா நாமம் போட்டுகினு நீந்துதுடி! யாரும் கத்தாதீங்க!" என்று கிசுகிசுத்தாள்.

அடுத்துப் பார்த்தவள் அவள் மகள் ஐஸ்வர்யா. கோழியைப் பார்த்ததைவிடக் குழாய்க்காரனைப் பார்த்ததுதான் அதிகம்.

வயல் தப்பியது, மகள் தப்பவில்லை. தையில் ராஜசேகரைக் கட்டிக்கொண்டு மறைமலை நகருக்குக் குடிபோனாள். செங்கமலம் மாதாமாதம் அங்கே போவது மகளைப் பார்க்கத்தானாம். திரும்பி வந்தால் மகள் சமாச்சாரம் ஒரு வரிதான். மீதியெல்லாம் மறைமலை நகர் ஏரிக்கு வந்த கூழைக்கடாப் பறவைகளின் எண்ணிக்கை.