வருகைப் பதிவேடு

"படிச்சுப் பார்க்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க!" என்று கிராமத்துப் பெண்களிடம் பேசி முடித்தாள் வாரிஜா. தார்வாடிலிருந்து வந்த இலவசச் சட்ட உதவி வக்கீல்.

மகளிர் சங்கத் தலைவி நிங்கவ்வா எழுந்தாள். "குளத்துப் பாதையைச் செங்கல் சூளைக்காரன் மறிச்சிட்டான். எங்க கேஸை எடுத்துக்குவீங்களா தாயி?"

"ஆள் பத்தலைக்கா. அப்புறம் பார்க்கலாம்." வாரிஜா வருகைப் பதிவேட்டை நீட்டினாள்.

நிங்கவ்வா எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கினாள்.

"வெறும் வருகைப் பதிவுதான்க்கா! பஸ் வந்துடுச்சு!"

"நீங்கதானே படிக்கச் சொன்னீங்க?"

ஒருவழியாக எல்லோரும் கையெழுத்திட்டார்கள். நிங்கவ்வாவும் ஒரு நோட்டை நீட்டினாள். "நீங்க வந்துபோனதுக்கு எங்க சங்க நோட்டுல ஒண்ணு போடுங்க."

ஹாரன் அலறியது. வாரிஜா கையெழுத்தைக் கிறுக்கிவிட்டு ஓடிப்போய் ஏறினாள்.

ஜன்னலோரம் வந்த நிங்கவ்வா நோட்டைச் சத்தமாக வாசித்தாள்: "குளத்துப் பாதை கேஸ் முடியுற வரைக்கும் புதன்கிழமை தவறாம வந்து நடத்தித் தருவேன். இப்படிக்கு, வாரிஜா."

பஸ் நகர்ந்தது.

"புதன்கிழமை பார்க்கலாம், தாயி!"