ஆறாவது குதிரை

அக்டோபர் வெயில் என் ஸ்வீடன் சாமான் கடைக்குள் சாய்ந்து விழுகிறது. கண்ணாடி முகப்பில் கோடைப் பூவளையங்களை இறக்கிவிட்டு ஸ்வீடன்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு வைக்கும் வைக்கோல் ஆடுகளைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். வாசல் மணி கிணுகிணுக்கிறது. டுலுத் நகரத்திலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வரும் மார்னா. மகன் எஸ்கிலின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு சிவப்பு மரக்குதிரை வாங்குவாள். வருஷா வருஷம் ஓர் அளவு பெரிசு. ஆறாவதை நேற்றே துடைத்து நீல நாடா கட்டி வைத்துவிட்டேன்.

"வா மகாராணி! உன் பையன் ஏறியே உட்காரலாம், பாரு!" என்று தூக்கி மேஜையில் வைக்கிறேன். அவள் அதைத் தொடவில்லை. அலமாரியில் போன வருஷத்து அளவைக் காட்டுகிறாள்.

"அதே போதும், வெர்னா."

"போடி கஞ்சப்பிசினாறி! பையன் வளர்றான்ல?"

"ஜூலையில ஏரியில மூழ்கிட்டான். இனி அவனுக்கு எப்பவும் அஞ்சு வயசுதான்."

வைக்கோல் தூசு வெயிலில் மிதக்கிறது. நாடாவை அவிழ்க்கப் பார்க்கிறேன். முடிச்சு விரலில் சிக்காமல் நழுவிக்கொண்டே இருக்கிறது. "இரு, நான் அவுக்கறேன்" என்று மெல்ல என் கையை விலக்கி அவளே அவிழ்க்கிறாள். அந்த நாடாவைச் சின்னக் குதிரைக்குக் கட்டுகிறேன். கழுத்தில் மூன்று சுற்று சுற்றிய பிறகும் மீதி தொங்குகிறது.