பெட்டிக்குள் ஒரு கை

அசோக் அருப்புக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவன். தொண்ணூற்றெட்டில் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்து ஆர்மோனியப் பெட்டிக்குள் அடக்கிவிட்டான். கட்டையைத் தொட்டால் ஸ்பீக்கரில் உறுமி மேளம் அதிரும். அந்த வருஷம் பந்தல்குடிப் பொங்கலுக்கு உறுமிக்காரர் யாரையும் கூப்பிடவில்லை. மேடையில் அசோக் மட்டும்தான்.

கூப்பிடாமலே உறுமியோடு பஸ் ஏறி வந்து நின்றார் பால்ச்சாமி.

"தலைவரே, ஒரே ஒரு தடவ நானும் அடிச்சுக் காட்டுறேன்."

விழாத் தலைவர் தலையாட்டினார். பால்ச்சாமி வேர்த்து வடிய அடித்தார். கூட்டம் கொட்டாவி விட்டது.

"சரிப்பட்டு வரலப்பா. பொட்டிக்குள்ள அடிக்கிறாகளே, அவுக கையே வேற. அவுககிட்டப் போயி நாலு நாளு படிச்சிட்டு வா," என்ற தலைவர் மேடைப் பக்கம் திரும்பினார். "அசோக்கு, யாருப்பா அவுக?"

"மெட்ராஸ்ல பெரிய வித்வானுங்க."

பால்ச்சாமி மேடையோரம் போய்த் தணிந்த குரலில் கேட்டார்.

"தம்பி, மூணு நாளா ஒன் கடையில என்னைய உக்கார வச்சு, ஒவ்வொரு அடியா இதுக்குள்ள ஏத்துனியே. எம் பேரச் சொன்னா என்னப்பா?"

அசோக் நிமிராமல் சத்தத்தைக் கூட்டினான். உறுமி அதிர்ந்தது. கூட்டம் எழுந்து ஆடியது.

"நல்லாக் கேட்டுக்க பால்ச்சாமி," என்றார் தலைவர். "அதுதான் கையி."