கந்தகத் தண்ணீர்

“வெள்ளி போட்டிருக்கிறவங்க எல்லாம் கழட்டி வெச்சிடுங்க!” என்று படகுக்காரன் நிகித்தாஸ் கத்தியதும் ஸ்ட்ராட்டோஸ் மனைவி எவான்தியாவின் கையைப் பார்த்தான்.

“கந்தகத் தண்ணி. வெள்ளி கரிக்கட்டை ஆயிடும். தங்கத்துக்குப் பயமில்ல. உங்க வீட்டுக்காரர் வாங்கிக் குடுத்தது அசலா போலியான்னு இன்னிக்குத் தெரிஞ்சுபோயிடும், தாய்மாரே!”

படகே சிரித்தது. எவான்தியா எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

சிரிக்காதவன் அவள் புருஷன் ஒருவன்தான்.

அவள் வலது கையில் கிடந்த கல்யாண மோதிரம் தங்கமே இல்லை. வெள்ளி. மேலே தங்கமுலாம், அதுவும் பாத்திரம் தேய்த்துத் தேய்த்து மெலிந்துபோன முலாம். இது அவனுக்கும் லாரிசா நகரத்தில் ஒரு நகைக்கடைக்காரனுக்கும் மட்டுமே தெரியும்.

நாடே கடனில் மூழ்கி, தெருவுக்குத் தெரு ‘தங்கம் வாங்குகிறோம்’ என்று பலகை தொங்கிய காலம் அது. அவனுக்கு வேலை சரியாக இல்லை. மகள் ஃபோதினியின் படிப்பு பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து எவான்தியாவுக்குப் பித்தப்பையில் அறுவை சிகிச்சை. நர்ஸ் மோதிரத்தைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அவள் வீடு திரும்பியபோது விரலில் ஏறியது வேறொன்று. உள்பக்கம் அவன் பெயரும் கல்யாணத் தேதியும் அச்சு அசலாகப் பொறிக்கப்பட்டிருந்தன. பாவி மனுஷன், அதில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை.

இப்போது முப்பதாவது கல்யாண நாள். அதே ஃபோதினி சம்பாதித்து, டிக்கெட் எடுத்து, இருவரையும் இந்த எரிமலைத் தீவுக்கு அனுப்பியிருக்கிறாள். வெந்நீர் ஊற்றில் குளிக்காமல் திரும்பக் கூடாது என்று கண்டிப்பு வேறு.

“அதைக் கழட்டிக் குடு. தண்ணியில நழுவிடும்,” என்றான்.

“கல்யாண நாளும் அதுவுமா மோதிரத்தைக் கழட்டச் சொல்றியே, உனக்கு வாய் கூசல?”

“அப்ப இறங்காத. சூடான இடத்துக்குப் போறவரைக்கும் தண்ணி ஜில்லுனு இருக்குமாம்.”

“நான் இறங்குவேன். நீதான் இறங்கக் கூடாது. காதுல தண்ணி போனா ராத்திரி பூரா முனகுவ. பேசாம பையைப் பாத்துக்கிட்டு உக்காரு, மனுஷா.”

கிளம்பியதிலிருந்து அவள் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். வழக்கமான நச்சரிப்பு என்று அவன் விட்டுவிட்டான்.

அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தான், உட்கார்ந்தான், சட்டைப் பொத்தானைக் கழற்றினான், திரும்பப் போட்டான். கரையில் வெள்ளையாக ஒரு குட்டிக் கோயில் தெரிந்தது. புனித நிக்கோலாஸ். அப்பனே, எஞ்சின் கெட்டுப்போகட்டும். ஜெல்லி மீன் கூட்டமாக வரட்டும். ஏதாவது செய்யேன்!

நிக்கோலாஸ் ஒன்றும் செய்யவில்லை. எவான்தியா மூக்கைப் பிடித்துக்கொண்டு குதித்துவிட்டாள்.

அவள் துருப்பிடித்த நிறத்தில் கிடந்த தண்ணீரை நோக்கி நீந்துவதைப் பார்த்தான். நீந்திப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டால் போதும், பார்க்க விடாமல் செய்துவிடலாம் என்று தோன்றியது. சட்டையோடு குதித்தான்.

அவள் திரும்பிப் பார்த்து அலறினாள்.

“ஐயோ, நீ வராத! படகுல ஏறு! ஏறுன்னு சொல்றேன்ல!”

படகிலிருந்தவர்கள் கைதட்டினார்கள். “வாழ்க மணமக்கள்!” என்று நிகித்தாஸ் கத்தினான்.

மார்பளவு வெதுவெதுப்பான சேற்றுத் தண்ணீரில் அவளை எட்டிப் பிடித்தான். அவள் வலது கையைத் தேடிப் பற்றி, தண்ணீருக்குள்ளேயே அமுக்கிக்கொண்டான். அவளும் அவன் வலது கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

சேற்றை முகத்தில் பூசிக்கொண்டவர்கள் வந்தார்கள், போனார்கள். இருவரும் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கிழங்கள் கொடுத்துவைத்தவை என்று ஓர் இளம் ஜோடி பேசிக்கொண்டே கடந்துபோனது. அவன் அவள் கையை இன்னும் ஆழத்தில் அமுக்கினான்.

ஊதல் சத்தம் கேட்டது. படகு கிளம்பப்போகிறது.

நீந்தினால் கையை விட்டாக வேண்டும். சொல்லிவிடலாம், இனி மறைக்க முடியாது என்று வாயைத் திறந்தான்.

அதற்குள் எவான்தியா அவன் கையைத் தண்ணீரிலிருந்து தூக்கினாள். விம்மிக்கொண்டிருந்தாள்.

“அந்தக் குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்க எண்ணெய் வந்துச்சே… அது என் அண்ணன் அனுப்புனது இல்ல, ஸ்ட்ராட்டோஸ்.”

அவன் தன் விரலைப் பார்த்தான். அவனுடைய மோதிரம் கன்னங்கரேலென்று கிடந்தது.

அவன் மின்வேலைக்காரன். கம்பியைத் தொடுகிற கையில் உலோகம் ஆகாது என்று தினமும் காலையில் மோதிரத்தைக் கழற்றிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டுப் போவான். சாயங்காலம் வந்து எடுத்துப் போட்டுக்கொள்வான். ஒருநாளும் உற்றுப் பார்த்ததில்லை.

“உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியல. என்னை மன்னிச்சிடு. இத்தனை வருஷம் நெருப்புல நிக்கிற மாதிரி நின்னேன்,” என்று அவள் அழுதாள். கண்ணெல்லாம் அவன் விரலில்தான் இருந்தது. அவள் வலது கை இன்னும் அவன் பிடியில், தண்ணீருக்கு அடியில்.

சே, அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு சபலம் தட்டியது. சரி, போனால் போகட்டும், மன்னித்தேன் என்று பெரிய மனிதனைப் போலச் சொல்லிவிடலாம். அவள் மோதிரத்தைப் பற்றி அப்புறம் ஏதாவது கதை கட்டிக்கொள்ளலாம். அவளும் நம்புவாள்.

நிகித்தாஸ் இரண்டாம் முறை ஊதினான்.

ஸ்ட்ராட்டோஸ் அவள் கையை வெளியே எடுத்து, அவள் கண்ணுக்கு நேரே பிடித்தான்.