ரெண்டு புள்ளி

"பூட்டின வீட்டுக்குள்ள ஒருத்தன் தெனமும் வந்து போறான்னா, அவன் என்ன எனக்கு மாமனா மச்சானா?"

செல்லப்பாண்டி உட்காரவே இல்லை. தன் பட்டாசுக் கம்பெனி வெப்சைட்டுக்குள் யாரோ நுழைகிறார்கள் என்று, அதைப் பராமரிக்கிற சென்னை ஆபீஸிலிருந்து போன் வந்திருந்தது. அடுத்த தீபாவளிக்கான லேபிள் டிசைன் எல்லாம் அதற்குள்தான் இருந்தன. சீசனுக்கு முன்னால் வெளியே போனால், சிவகாசியில் பாதிப் பேர் அதையே ஒட்டி விற்றுவிடுவார்கள்.

சரிபார்க்க விருதுநகரிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரன் தவுபிக், செல்லப்பாண்டி வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து சோதித்தான்.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. செவத்துலதான் ஓட்டை. வெடிப் படம் காட்டுற பக்கத்துல, படத்தோட பேருக்கு முன்னால ரெண்டு புள்ளியும் ஒரு சாய்வுக் கோடும் போட்டா, அந்த ஃபோல்டரை விட்டு மேல ஏறிரலாம். அங்கனருந்து எதுக்குள்ள வேணும்னாலும் எறங்கலாம். சொந்தமா எழுதிக் கட்டுன வெப்சைட் பலதுல இது இருக்கு."

"ரெண்டு புள்ளிக்கா இம்புட்டுப் பாடு? அடைலே சீக்கிரம்!"

டீயும் சேவும் கொண்டுவந்த அவர் மனைவி பாண்டிலட்சுமி, சுவரில் வெறும் ஆணி இருந்த இடத்துக்குக் கீழே நின்றாள்.

"அடைச்சிட்டா உள்ள எதுவுமே பாக்க முடியாதா தம்பி?"

"வெடிப் படம் மட்டுந்தான் தெரியும்க்கா."

"ஒனக்கெதுக்கு இந்தக் கணக்கு? போய் அடுப்பைப் பாரு" என்றார் செல்லப்பாண்டி.

அவள் போகவில்லை.

தவுபிக் வந்துபோன தடங்களைப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"அண்ணாச்சி, லேபிள் பக்கமே அவன் போகலை. தெனமும் ஒரே படத்தைத்தான் தொறக்கான்."

"எவன்லே அவன்?"

தவுபிக் தயங்கினான். "அவன் வர்ற இன்டர்நெட் நம்பரும், நான் இப்ப உக்காந்திருக்க இந்த வீட்டு இன்டர்நெட் நம்பரும் ஒண்ணா இருக்கு."

படத்தைத் திறந்தான். பைக்கில் சாய்ந்து, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிற ஓர் இளைஞன்.

"இது யாரு அண்ணாச்சி?"

பாண்டிலட்சுமிதான் பேசினாள்.

"எங்க மகன் ஜெயபாண்டி. இந்த வெப்சைட்டைக் கட்டுனதே அவன்தான். சாத்தூர் ரோட்டுல லாரி அடிச்சுப் போய்ச் சேந்துட்டான். படத்தைப் பாத்துப் பாத்து நான் சாப்பிடாமக் கெடக்கேன்னு, வீட்ல ஒண்ணுவிடாம இவுக எரிச்சுட்டாக. 'ஒரு ஓட்டை இருக்கும்மா, அப்புறமா அடைக்கேன்'னு சிரிச்சுக்கிட்டே, அது வழியா உள்ள கெடந்த இந்தப் படத்தை அவன்தான் ஒருநாள் எனக்குக் காமிச்சான்."

தவுபிக் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"அடைச்சிரட்டுமா அண்ணாச்சி?"

செல்லப்பாண்டி அப்போதுதான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இருலே. அந்த ரெண்டு புள்ளியை எங்கன வைக்கணும்னு மொதல்ல சொல்லு. நானும் ஒருதடவ போய்ப் பாத்துட்டு வந்துருதேன்."